காலரக்காவின் வலது கை

நீட்டிய கையுறையைக் காலரக்கா தொடாமலே உற்றுப் பார்த்தாள்.

"சும்மா வலது கையில மாட்டிக்கிட்டு எப்பவும்போல தைங்கக்கா. கை எப்படி அசையுதுன்னு இதுல இருக்கிற சென்சார் பாத்துக்கும்," என்றார் புது இன்ஜினீயர்.

"பாத்து?"

"அந்த ரோபோவுக்குச் சொல்லிக் கொடுக்கும்."

மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது, ஒற்றைக் கை ரோபோ. ஓகோ, சேதி இதுதானா என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஆலையில் அவளைப்போல் சட்டைக் காலர் தைக்க ஆள் கிடையாது. பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். வீட்டில் சம்பாதிப்பவளும் அவள் ஒருத்திதான். தன் வேலைக்குத் தானே வேட்டு வைத்துக்கொள்ள அவளுக்கென்ன பைத்தியமா?

முதலில் வேண்டுமென்றே தாறுமாறாகத் தைத்தாள். மொத்தமும் அவளிடமே திரும்பி வந்தது. சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து தையல் பிரித்ததுதான் மிச்சம்.

அடுத்து, காலருக்குக் காலர் நடுவில் தலையைச் சொறிந்தாள். காதைக் குடைந்தாள்.

"கவலைப்படாதீங்கக்கா, வேண்டாத அசைவையெல்லாம் நான் எடுத்துடுவேன்," என்றார் இன்ஜினீயர். "என்ன, இன்னும் ஒரு வாரம் போட்டுக்கணும், அவ்வளவுதான்."

வேறு வழியில்லாமல்தான் அவளுக்குக் கோணல் ஞாபகம் வந்தது. பின்வரிசையில் சட்டைப் பை தைக்கிற பையனுக்கு அதுதான் பட்டப்பெயர். நேராக ஒரு தையல் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

"இந்தா தம்பி, போட்டுக்க. கை வலிக்கு நல்லது."

"இத்தனை நாள் இல்லாத பாசம் இப்ப எதுக்குக்கா?" என்று அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டான். அவள் அதே கறுப்பில் ஒரு சாதாரணக் கையுறையை மாட்டிக்கொண்டு தைத்தாள்.

வாரக் கடைசியில் திருப்பி வாங்கியபோது அதில் சிகரெட் நாற்றம் அடித்தது. கோணலுக்கு அந்தப் பழக்கம் கிடையாதே? கேட்கப்போய்க் குட்டு உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி பார்க்க வந்தார். இன்ஜினீயர் ரோபோவின் முன்னால் காலர் துணியை வைத்து, பொத்தானை அழுத்தினார்.

கை மெல்ல உயர்ந்தது. விறைத்து நின்று முதலாளிக்கு ஒரு சல்யூட் அடித்தது. பிறகு துணிமேல் பொத்தென்று சாய்ந்து, தூங்குகிற மாதிரி கிடந்தது.

இன்ஜினீயருக்கு முகம் வெளுத்துவிட்டது. காலரக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் முதலாளிக்கோ வாயெல்லாம் பல்.

"இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுய்யா."

அடித்தது. அவர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் நடக்க, இன்ஜினீயரும் சூப்பர்வைசரும் ரோபோவை உருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

அப்பாடா, வேலை தப்பித்தது. இருந்தாலும் மனசு ஆறவில்லை. கோணலாகத் தைக்க வேண்டியது எப்படி சல்யூட் அடிக்கும்? நேரே போய்ப் பையனைப் பிடித்தாள்.

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"சத்தியமா நான் அதை மாட்டவே இல்லக்கா. எனக்கு உங்க மேலயே சந்தேகம்."

அதற்குள் கேட் வாட்ச்மேன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"குளிருக்கு இதமா இருக்கும்னு இந்தத் தம்பி ஒரு கையுறை கொடுத்தான், அதால வந்த வினைம்மா, என்னைவிட நல்லா சல்யூட் அடிக்குதுன்னு கேட்டுல அந்த ரோபோவை நிக்க வெச்சுட்டு, உங்க பக்கத்துலயே உக்காந்து, உங்க கையைப் பாத்துப் பாத்துக் காலர் தைக்கக் கத்துக்கச் சொல்லிட்டாங்க."