இருபதாவது கைப்பட்டை

மூன்றாவது முறை விசில் ஊதியும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பத்தொன்பது பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மொத்தப் பள்ளிக்கூடமே அந்தப் பத்தொன்பது பேர்தான். ஒவ்வொரு கையிலும் நடக்கிற அடியை எண்ணும் நீலநிறக் கைப்பட்டை.

"டேய் மகேன், எழுந்திருடா. ஒரு ரவுண்டு ஓடு" என்றார் ஞானசுந்தரம் சார், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடியே.

"கால் வலிக்குது சார்."

"மலர், நீயாச்சும் ஓடேன்ம்மா."

ஒன்றாம் ஆண்டு மலர் கொட்டாவி விட்டாள். "தூக்கம் வருது சார்."

ரிங்லெட் ஊருக்கு மேலே, இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பன்னிரண்டு வருடமாகச் சார்தான் உடற்கல்வி ஆசிரியர். போன வாரம்வரை "ஓடாதீங்கடா, விழுந்து தொலையாதீங்கடா" என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். கைப்பட்டை வந்த அன்றைக்கே அத்தனை பேருக்கும் ஒன்றாகக் கால்வலி வந்தால் மனிதர் என்னதான் செய்வார்?

விஷயம் இதுதான். மாவட்டத்தில் சிறுவர் உடற்பயிற்சித் திட்டம் ஒன்று வந்திருந்தது. பெற்றோர் சங்கத் தலைவி, மகேனின் அம்மா காளியம்மாதான் மனுப் போட்டு அதைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தினம் எட்டாயிரம் அடி நடக்கவேண்டும். ஆறு வாரத்துக்குள் வாரச் சராசரி அந்தக் கணக்கைத் தொட்டுவிட்டால் மலையைச் சமப்படுத்தி, வேலி போட்டு, விளையாட்டுத் திடலாக ஒரு பாடாங் கட்டித் தருவார்கள்.

பாடாங்! அந்தப் பள்ளியில் சமமான இடம் என்று ஒன்று கிடையாது. பந்தை உதைத்தால் அது தேயிலைக்குள் உருண்டு, தொழிற்சாலை வாசலில் போய்த்தான் நிற்கும். ஒரு பாடாங் வேண்டும் என்று சார் கேட்காத ஆள் இல்லை, வேண்டாத சாமி இல்லை. இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இந்தக் கழுதைகள் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன.

முதல் வாரச் சராசரி தொள்ளாயிரம் அடி.

"கம்போங் ராஜா பக்கம் ஒரு பள்ளி ஏழாயிரத்தைத் தாண்டிருச்சாம்" என்றார் தலைமையாசிரியை எவலின். "நம்மள நெனச்சா வெக்கமா இருக்கு சார்."

சார் ஒரு யோசனை செய்தார். பள்ளிக்கூடத்தில்தானே கால் வலிக்கிறது? வீட்டில் வலிக்காதே!

"பட்டைய வீட்டுக்கே கட்டிக்கிட்டுப் போங்கடா. நாளைக்குச் சாயங்காலம் கொண்டாந்தா போதும்."

மறுநாள் சாயங்காலம் கணக்கைப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். சராசரி இருபத்தெட்டாயிரம். மகேனுக்கு மட்டும் நாற்பத்தோராயிரம்! உடனே மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.

அரைமணி நேரத்தில் திட்ட அதிகாரி திருமாறன் போன் செய்தார்.

"சார், ஒங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் வந்தாங்களா, இல்ல நடந்தே மலையடிவாரம் தாப்பாவுக்கு எறங்கிட்டாங்களா?"

சாருக்கு வியர்த்துவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அங்கே காளியம்மா கொழுந்து வெட்டும் மெஷினின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"காளிம்மா, நேத்திலேருந்து மகேன் பட்டைய யாரு கட்டிருந்தா?"

"நாந்தான் சார். அவன் தொலைச்சிடுவான்லா. நம்ம பொம்பளைங்க எல்லாருமே ஆளுக்கு ஒண்ணு கட்டிக்கிட்டாங்க. ஏன் சார், தப்பா?"

முகத்தைப் பார்த்தால் ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை மாதிரி இருந்தாள். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

திருமாறன் புதுச் சட்டம் போட்டார். "பட்டை இனிமே வீட்டுக்குப் போகக் கூடாது. நீங்களும் ஒண்ணு கட்டிக்குங்க சார். ஒங்க பட்டையில எத்தனை அடியோ, அதுக்கு மேல புள்ளைங்களுக்குக் கணக்கு கெடையாது."

இருபதாவது கைப்பட்டை அப்படித்தான் சாரின் கைக்கு வந்தது. தொண்ணூற்றெட்டுக் கிலோ உடம்பு. தேநீர்க்கடைக்குக்கூட மோட்டாரில் போகிற மனிதர். முதல் நாள் தொழிற்சாலை வளைவுவரை இறங்கித் திரும்பி ஏறியதும் தோட்டத்துக் கிளினிக் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பின்னால் பத்தொன்பது பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

கிளினிக்கைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளர், டிரெஸ்ஸர் தங்கராஜு தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் காதோரம் குனிந்தார். "போன மாசம் பாத்தப்பவே சக்கரை பதினாறுல இருந்துச்சு சார், ஏழத் தாண்டக் கூடாது. அடுத்த டெஸ்டுலயும் இப்படியே இருந்தா, ஈப்போ பக்கம் மாத்தல் வாங்கிக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருங்கன்னு டாக்டர் எழுதிடுவாரு."

"மெதுவாப் பேசுங்கலா. புள்ளைங்க காதுல விழப்போகுது."

சாருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. இந்த மலையை விட்டு இறங்கினால் அவருக்கு வேறு உலகம் தெரியாது. ஆனாலும் நடக்க அதைவிடப் பிடிக்காது.

அடுத்த நாள் குறுக்குவழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்து நாயைக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, தன் கைப்பட்டையை அதன் காலில் கட்டிவிட்டார். நாய் நாள் முழுக்க ஓடும், நாம் நாற்காலியில் இருக்கலாம் என்பது திட்டம்.

நாய் ஓடத்தான் செய்தது. ஒரு குரங்கைத் துரத்திக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. பட்டை தொலைந்தால் பாடாங்கும் தொலைந்தது. "ஐயோ, பிடிங்கடா!" என்று சார் பின்னால் ஓடினார். பிள்ளைகள் சாருக்குப் பின்னால் ஓடினார்கள், ஒருவர்கூட முந்தவில்லை. இரண்டு மலை ஏறி இறங்கியபிறகுதான் நாய் சிக்கியது. அன்று மட்டும் எல்லோருக்கும் பதினோராயிரம்.

"சார் ஓடுனா எங்களுக்கும் கால் வலிக்கல சார்" என்றான் மகேன்.

வேறு வழி? தினமும் சாயங்காலம் சார் முன்னால் நடந்தார், பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். அவர் நின்றால் நின்றார்கள். அவர் பாறையில் உட்கார்ந்தால் அவர்களும் உட்கார்ந்து, "போலாமா சார், பாடாங் போயிடும் சார்" என்று உயிரை எடுத்தார்கள். வயிறு நிறையப் பால்தேநீர் குடித்துவிட்டு ஏறினால் குமட்டியது. முதலில் மூன்றாவது கிளாஸை விட்டார், அப்புறம் இரண்டாவதையும். ஐந்தாவது வாரம் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று.

இதில் அதிசயம் என்னவென்றால், அவருக்கே அது பிடித்துப்போனது. பனி இறங்குகிற நேரத்தில் பத்தொன்பது குரல் பின்னால் சளசளக்க நடக்கிற சுகம் பன்னிரண்டு வருடமாகத் தெரியாமலே போயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை திருமாறன் வந்தார். பெற்றோரெல்லாம் கூடியிருந்தார்கள். அதிகாரி கணக்கைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த வாரச் சராசரி எட்டாயிரத்து நூத்தி நாப்பது. பாடாங் ஒங்களுக்குத்தான் சார்!"

வாசல் அதிர்ந்தது. எவலின் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காளியம்மா விசில் அடித்தாள். கூட்டத்துக்குள் புகுந்து வந்த தங்கராஜு, ஒரு தாளைச் சாரின் சட்டைப்பையில் திணித்தார். "ஏழுக்கு எறங்கிருச்சு சார். மாத்தல் வேணாம்னு டாக்டர் எழுதிட்டாரு."

ஞானசுந்தரம் தாளைப் பார்த்தார், திருமாறனைப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டு வரம். கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று அவருக்கே தெரியவில்லை. எல்லோரையும்தான்.

"இந்தப் புள்ளைங்க லேசுப்பட்ட சோம்பேறிங்க இல்ல" என்று பேசினார். "ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாங்க. இவங்கள ஓட வைக்க நான் பட்ட பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனா இன்னிக்கு நான் நல்லா இருக்கேன்னா, அது இவங்களாலதான். நன்றிடா கண்ணுங்களா. என்ன வேணும், கேளுங்க. கறிபாப் பலகாரமா? ஐஸ்கிரீமா?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெற்றோர் பக்கம் திடீரென்று எல்லோருக்கும், தங்கராஜுவுக்கும்கூட, இருமல் வந்தது. மலர் மெதுவாக முன்னால் வந்து சாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒங்களுக்குத்தான் சக்கரை எறங்கிடுச்சில்ல சார், இனிமே ஒங்களுக்கு முன்னாடி நாங்க ஓடுனா அம்மாங்க அடிக்க மாட்டாங்கல்ல?"