கத்தரிச்செடிக்குப் பசியில்லை

அன்பும் ஆராய்ச்சியும் மிக்க மாப்பிள்ளை சம்பத் அவர்களுக்கு,

நெமிலிச்சேரியிலிருந்து மாமனார் திருவேங்கடம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மங்களமும் நலம். அங்கே நீங்களும் சுதாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கத்தரிச்செடி நலமில்லை. போனில் சொன்னால் "சரி மாமா, பார்த்துக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வேர் தழைச்சத்தை எப்படி எடுக்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய மாப்பிள்ளை இருக்கும் தைரியத்தில்தான் மொட்டை மாடியில் பையில் மண் நிரப்பிக் கத்தரி வைத்தேன். யூரியாவில் தழைச்சத்து இருக்கிறது என்றீர்கள், வாங்கினேன். பதினைந்து நாளுக்கு ஒரு சிட்டிகை என்றீர்கள். சிட்டிகை எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டதால் வாரம் ஒரு கரண்டி போட்டேன். இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுகறுவென்று வந்தது, பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. பசி போலிருக்கிறது என்று இரண்டு கரண்டியாக்கினேன், இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் நீங்கள் விளக்கினீர்கள்: சத்து நிறைந்துவிட்டால் மேலேயிருந்து "போதும்" என்று வேருக்குத் தகவல் போகுமாம், வேர் கதவைச் சாத்திக்கொள்ளுமாம், குறைந்தால் மறுபடி திறக்குமாம். அளவு மீறிக் கொட்டினால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், பூக்கிற ஞாபகமே வராதாம். கேட்டதும் வெட்கமாகிவிட்டது மாப்பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். முதலாளியின் மச்சினனே வந்து நின்றாலும் இண்டெண்ட் சீட்டு இல்லாமல் ஒரு வாஷர் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு கத்தரிச்செடிக்கு, அது கேட்காமலே, அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, போட்டதைக் கழுவி விடலாம் என்று மூன்று நாள் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டேன். அது கீழ்வீட்டு ராஜசேகரன், அதாவது நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர், பால்கனியில் உலர்த்தியிருந்த வெள்ளை வேட்டியில் செம்மண் தண்ணீராக இறங்கியது. "மாடியில செடி வெச்சிருக்கீங்களா, நாத்து நடுறீங்களா சார்?" என்றார். அதற்கப்புறம் ஒரு மாசம் செடியைப் பட்டினி போட்டேன். அடி இலை மஞ்சளாச்சு. கீழ் இலையிலிருந்து சத்தை உருவி உச்சிக் கொழுந்துக்கு அனுப்பிடும்னு நீங்கதானே சொன்னீங்க. அதை நெனைச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஆனாலும் யூரியா போடலை.

அப்புறம் உங்க லேப் சமாச்சாரம். வேரை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு தொட்டியில வெச்சா, பட்டினி கிடக்கிற பாதி மேலே முறையிடும், மேலேயிருந்து சத்து இருக்கிற பாதிக்கு "நீ சேர்த்து எடு"ன்னு உத்தரவு வரும்னு சொன்னீங்க. என்ன ஒழுங்கான நிர்வாகம்னு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சித்திரை வெயில்ல, நடுமத்தியானம், காய் நறுக்கிற கத்தியால வேரைப் பிரிச்சு ஒரு பாதியை யூரியா போட்ட பையிலயும் மறுபாதியை வெறும் மணல்லயும் வெச்சேன். செடி படுத்துடுச்சு. நம்ம வீட்டுக்குப் பால் ஊத்தற பூங்காவனம், இந்த ஊர்லயே பயிர் வெச்ச குடும்பம், மேலே வந்து பார்த்துச்சு. "இன்னா சார் இது, அதுக்குப் பசிச்சா அதுவே துண்ணுக்கும். நீ இன்னாத்துக்கு வாய்ல ஊட்டிகினு கீற? சும்மா உடு சார்" அப்படின்னுச்சு. நீங்க ஆறு வருஷம் படிச்சதை அது பால் கேனைக் கீழே வைக்காமலே சொல்லிட்டுப் போயிடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். சங்கத்துப் புகார்ப் பெட்டியில யாரோ பேர் போடாம ஒரு கடுதாசி போட்டிருக்காங்க: "மாடித் தோட்டத்தால் ஒரு குடும்பத்தின் நிம்மதி கெடுகிறது. அகற்றவும்." வேற யாரு, வேட்டிக்காரர்தான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்றாங்க. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு மாப்பிள்ளை, ரிட்டயரானதிலேர்ந்து காலையில எழுந்தா எனக்குப் போறதுக்குன்னு இருக்கிற ஒரே இடம் அந்த மாடிதான். அதுவும் போச்சுன்னா என்ன பண்ணுவேன்னு தெரியலை, பயமா இருக்கு. அதனால நீங்க கட்டாயம் வந்து, வேர் டாக்டர் என்ற முறையில், இந்தச் செடி பிழைக்கும், காய்க்கும்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும். பொய் சொல்லச் சொல்லலை. சொல்லும்போது செடியைப் பார்க்காம இருந்தாப் போதும்.

நீங்களும் சுதாவும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல், வேண்டியது வேண்டிய அளவில் கிடைத்து நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார் திருவேங்கடம்

பின்குறிப்பு: நேற்று இரவு உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை மங்களத்துக்கு வாசித்துக் காட்டினேன். வேட்டிக்காரர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அவர் இல்லை. அந்தக் கடுதாசியை நான்தான் எழுதிப் போட்டேன். காலையில அஞ்சு மணிக்கு மாடிக்குப் போறீங்க, பத்து மணிக்கு இறங்கறீங்க. ரெண்டு காபியைப் போட்டு வெச்சுக்கிட்டு நான் தனியா உட்கார்ந்திருக்கேன். உங்களுக்குப் போக மாடி இருக்கு, எனக்கு?" என்றாள். காலையில் முதல் வேலையாக ராஜசேகரனிடம் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டாள், ஆகவே நீங்கள் வர வேண்டாம். பிறகு இருவரும் காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். செடியைப் பார்த்தவள், "ஐயோ பாவம், எப்படி வாடியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கை நிறைய யூரியாவை அள்ளிப் போட்டாள். நான் தடுக்காமல் காபியை ஆற்றி அவளிடம் நீட்டினேன்.