எரிந்த கொட்டகையில் இடதுபக்கம் திரும்பு

வழி சொல்பவர்களில் ஓர் இனம் உண்டு. கண்ணெதிரே இருப்பதை அடையாளம் சொன்னால் இவர்களுக்கு நாக்கு வெந்துவிடும். இல்லாததை வைத்துத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில், விஸ்கான்சின் குன்றுகளுக்கு நடுவே எங்கள் மாவட்டத்தில் இந்த இனத்துக்கு ராஜா ஆர்வில் ஸ்டென்ஸ்ருட்.

தபால் ஆபீசுக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஜெர்மன்காரர்கள் குடியிருந்த பள்ளத்தில் இறங்கி, மூடிப்போன பாலாடைக்கட்டி ஆலையைத் தாண்டி, இடி விழுந்து செத்த எல்ம் மரம் நின்ற இடத்தில் வடக்கே திரும்பி, நார்வேக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு கட்டிய இரண்டு சர்ச்சுகளில் இடித்ததை விட்டுவிட்டு இடிக்காததைப் பிடித்து, இப்படி அவர் சொல்லி முடிப்பதற்குள் தபால்காரர் ரிட்டயர் ஆகிவிடுவார். ஊர் வந்து சேருமா? சேராது. யாருடைய தாத்தா யாருடைய வேலியை நகர்த்தினார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏழு வருஷத்துக்கு முன் மாவட்ட ஆபீசிலிருந்து வந்து வீட்டுக்கு வீடு பச்சைத் தகட்டில் எண் எழுதி நட்டார்கள். ஆர்வில் தன் தகட்டைப் பிடுங்கிக் கோழிக்கூட்டு ஓட்டையை அடைத்தார். "என் வீடு தெரியாதவன் என் வீட்டுக்கு எதுக்கு வரணும்?"

போன ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் அதற்குப் பதில் கிடைத்தது. அவர் கொட்டகையில் ஈரம் காயாமல் கட்டி அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப் பற்றிக்கொண்டது. நாற்பது மாடுகளின் குளிர்காலத் தீனி அது. மனைவி லோர்னா தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆர்வில் தீயணைப்பு நிலையத்துக்கே நேராகப் போன் போட்டார். எடுத்தவள் மார்னி. வண்டி ஓட்டுபவளும் அவள்தான். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆர்வில் கணக்கில் நேற்று வந்தவள்.

"ஐயா, வீட்டு நம்பர் சொல்லுங்க!"

"நம்பர் என்னத்துக்கும்மா? ஸ்வென்சன் கொட்டகை எரிஞ்சுதே, அங்க இடதுபக்கம் திரும்பு."

"அது எப்ப எரிஞ்சுது?"

"எழுபத்தெட்டுல."

"நான் அப்ப பொறக்கவே இல்லீங்க!"

"அதுக்கு நான் என்ன பண்றது? சரி விடு. சிவப்புப் பசு ஒண்ணு வேலியோரமா நிக்குமே…"

"இன்னும் நிக்குதா?"

"செத்து நாலு வருசமாச்சு. இடம் அங்கதானே இருக்கு!"

புகையைப் பார்த்து வரலாமே என்பீர்கள். எங்கள் குன்றுகளுக்கு நடுவே எந்தப் பள்ளத்தில் புகைகிறது என்று கடவுளே இறங்கி வந்து தேட வேண்டும்.

"அட மனுசா! கோழிக்கூட்டுல போய் நம்பரைப் படிய்யா!" லோர்னா கத்திய கத்தலில் குழாய்த் தண்ணீரே ஒரு நொடி நின்றது.

படித்தாரா? நான்கு எண்களில் இரண்டின் மேல் ஏழு வருஷத்து எச்சம். ஒரு கையில் போன், மறு கையில் சுரண்டல், புறங்கையில் சேவலின் கொத்து. கடைசி எண் வெளியே வந்தபோது கொட்டகையின் கூரை உள்ளே போனது. மாடுகளும் வீடும் பிழைத்ததே மார்னி வண்டியை விரட்டிய விரட்டில்தான்.

திருந்தினாரா? மறுவாரம் விதை விற்க வந்தவன் காபிக் கடையில் அவரிடமே வழி கேட்டான். பக்கத்து மேஜையில் மார்னி.

"நேரா போப்பா. என் கொட்டகை இருந்துச்சுல்ல? அங்க வலதுபக்கம் திரும்பு."

மார்னி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்குப் போனில், "பழைய தியேட்டர் ஸ்டாப்புல இறங்குங்க" என்றீர்களே, அந்தத் தியேட்டரை இடித்து எத்தனை வருஷம்? விருந்தாளி இன்னும் வந்து சேரவில்லையாமே?