ஃப்ரௌ கெல்லரின் புதன்கிழமை

செப்டெம்பர் 3, புதன்கிழமை, சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரம். மாவட்ட நீதிமன்றத்தில் வெற்றிடமான ஒரு நீதிபதிப் பதவிக்கு இருவர் போட்டியிடுவதாக உள்ளூர்ப் பத்திரிகை மூன்றாம் பக்கத்தில் செய்தி வெளியிட்டது. ஒருவர் பெரிய கட்சியொன்றின் ஆள். மற்றவர் மதுஜா மகேந்திரன், வயது முப்பத்துநான்கு, சட்டத்தரணி.

அன்று பின்னேரம் மதுஜாவின் தகப்பன் மகேந்திரன், தன் கட்டடத்தின் எல்லா வீடுகளுக்கும் பொதுவான நிலக்கீழ்ச் சலவை அறையில், இரண்டாம் மாடி ஃப்ரௌ கெல்லர் என்ற பெண்மணியிடம் பிடிபட்டு நின்றார்.

உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் சல்லடையில் ஒரு பஞ்சுத் திரள் கிடந்தது. ஃப்ரௌ கெல்லர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஹெர் மகேந்திரன், இது உங்களுடையதா?"

வேறு நாளென்றால் மகேந்திரன் சும்மா விட்டிருக்க மாட்டார். முதல் நாள் தோய்த்த போர்த்துக்கேயரின் பஞ்சு அது என்று நிறத்தை வைத்தே நிறுவியிருப்பார். ஆனால் காலையில்தான் மகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருந்தார். கட்டடத்தில் ஆறு வீடுகள். நாலில் எரித்திரியர், போர்த்துக்கேயர், கொசோவோக்காரர், தனியாக இருக்கும் ஓர் இத்தாலியக் கிழவர்; சுவிஸ் குடியுரிமை இல்லாத இவர்களுக்கு வாக்கில்லை. மனைவி பரமேஸ்வரிகூட சுவிஸ் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. மொழிச் சோதனை என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குத் தலை சுற்றும். மகேந்திரனுக்குத் தெரிந்து, தன்னுடையதைத் தவிர அந்தக் கட்டடத்தில் இருந்த வாக்கு ஒன்றே ஒன்று. அது இப்போது பஞ்சைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றது.

"என்னுடையதுதான், மன்னிக்கவேண்டும்" என்றார். அது போதாது என்று பட்டது. "புதன்கிழமை உங்களுக்கு வசதியென்றால், என் தோய்க்கும் முறையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

ஃப்ரௌ கெல்லர் பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு சுவரிலிருந்த அட்டவணையில் மகேந்திரனின் பெயரை அடிமட்டம் வைத்து வெட்டித் தன் பெயரை எழுதினார்.

மேலே பரமேஸ்வரி இடுப்பில் கைவைத்தபடி கேட்டார்.

"தோய்க்கிற நாளைத் தூக்கிக் குடுத்திட்டியளோ? உங்கட சமையல் கோட்டு எல்லாத்தையும் நான் கிணத்தடியிலயோ தோய்க்கிறது?"

"உனக்கு விளங்காது. அவ ஒரு வோட்டு மட்டும் இல்லையப்பா. தேவாலயத்துப் பாட்டுக் குழு முழுக்க அவவின்ர பின்னால நிக்குது. நாயோட ஒருக்கா நடந்து வந்தாவெண்டால் அரைவாசி ஊஸ்டரோட கதைச்சிட்டு வருவா."

"பிள்ளை என்ன சொன்னவள்?"

பிள்ளை சொன்னது தெளிவாக இருந்தது. "அப்பா, நான் நிக்கிறது நீதிபதிக்கு. பிரதேச சபைக்கில்லை. ஆரிட்டையும் போய் வோட்டு எண்டு வாய் திறக்கக் கூடாது. ஒண்டும் செய்யாதேங்கோ."

"நான் வாய் திறக்கேல்லையே" என்றார் மகேந்திரன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தல் என்றால் சின்னம் இருக்கும், விருப்பு இலக்கம் இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும். இங்கே தபாலில் வந்த வாக்குச்சீட்டில் ஒரு வெற்றுக் கோடு மட்டும் இருந்தது. அதில் பெயரைக் கையால் எழுதவேண்டும். மகேந்திரன் மகளின் பெயரை எழுதி, கூடவந்த வாக்காளர் அட்டையில் கையெழுத்து வைத்து, அன்றைக்கே தபாற்பெட்டியில் போட்டார். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதா என்று காதை வைத்தும் பார்த்தார்.

இரண்டாவது கிழமை அவரிடம் சுத்தமான சமையல் கோட்டு இல்லை. முதியோர் இல்லச் சமையலறையில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். கறை பிடித்த கோட்டோடு நின்றால் கிழவர்கள்கூட முறைப்பாடு எழுதுவார்கள். ஞாயிறு காலை, ஃப்ரௌ கெல்லர் தேவாலயத்தில் பாடப் போகும் நேரம் பார்த்து, மகேந்திரன் கூடையோடு கீழே இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோய்ப்பது வீட்டு விதிப்படி தடை. இயந்திரம் சுழன்று கத்தத் தொடங்கியபோது கதவு திறந்தது. ஃப்ரௌ கெல்லர் பாட்டுப் புத்தகத்தை மறந்துபோய் எடுக்கத் திரும்பி வந்திருந்தார்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை, ஹெர் மகேந்திரன்."

அவர் பேசும் ஜெர்மன் எப்போதும் வானொலிச் செய்தி மாதிரி அட்சர சுத்தமாக இருக்கும். ஊரவர்களின் கரகரத்த சுவிஸ் ஜெர்மனில் அவர் மகேந்திரனோடு ஒருநாளும் பேசியதில்லை. வெளிநாட்டவனுக்கு விளங்கவேண்டுமே என்று பார்த்துப் பேசுகிறார் என்பதால், திட்டு வாங்கும்போதும் மகேந்திரனுக்கு அவர்மேல் ஒரு மரியாதை இருந்தது.

இரவே பரமேஸ்வரி ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுட்டார். மகேந்திரன் ஒரு தட்டைக் கொண்டுபோய் அழைப்பு மணியை அடித்தார்.

"இது எதற்கு?"

"சும்மா."

"சும்மா என்று ஒன்றும் கிடையாது. உங்களைப் பற்றி வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி எழுதியாகிவிட்டது."

ஆனால் தட்டை வாங்கிக்கொண்டார். புதன்கிழமை ஆகியும் கடிதம் நிர்வாகத்துக்குப் போகவில்லை. வெற்றிக் களிப்பில் மகேந்திரன் மகளுக்குத் தொலைபேசி எடுத்ததுதான் பிழை.

"ரோல்ஸோ?" மதுஜாவின் குரல் ஒரு படி ஏறியது. "அப்பா, நீதிபதிக்கு நிக்கிறவளின்ர தகப்பன் முறைப்பாட்டை நிப்பாட்ட ரோல்ஸ் குடுத்தவர் எண்டு பேப்பரில வந்தால் நான் என்ன செய்யிறது? கோர்ட்டில அதுக்கொரு பேர் இருக்கு."

"ஆட்டிறைச்சிக்கோ?"

"எதுக்கெண்டாலும்!"

மகேந்திரன் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. விடியும்போது வழி தெரிந்தது. ஒருவருக்குக் கொடுத்தால்தானே லஞ்சம்? எல்லாருக்கும் கொடுத்தால் அது வழக்கம். பரமேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டடம் முழுவதற்கும் ரோல்ஸ் சுட்டார். மகேந்திரன் கதவு கதவாகத் தட்டிக் கொடுத்தார்.

காரணமில்லாமல் பலகாரம் வந்தால் அண்டை வீட்டார் தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். இவர்கள் வீடு மாறப் போகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். இத்தாலியக் கிழவர் மகேந்திரனைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினார். அடுத்த நாள் போர்த்துக்கேயர் ஒரு பெரிய தட்டம் நிறையக் கருவாட்டுக் கறியைப் பிரியாவிடையாகக் கொண்டுவந்தார். அன்று வெள்ளிக்கிழமை, பரமேஸ்வரி விரதம். சனிக்கிழமை காலை கொசோவோக்காரரின் தம்பி அளவு நாடாவோடு வந்து, "உங்கள் வரவேற்பறையில் எங்கள் சோபா பிடிக்குமா?" என்று கேட்டார்.

"பொரிச்ச மணம் மாடிப்படி முழுக்க நிக்குதாம், கெல்லர் மனுசி சன்னல் எல்லாம் திறந்து விட்டிருக்கிறா" என்றார் பரமேஸ்வரி.

மகேந்திரன் வாளியோடு போய் மாடிப்படியைக் கழுவினார். அந்தக் கிழமை மாடிப்படி கழுவுவது ஃப்ரௌ கெல்லரின் முறை. தன் முறையை இன்னொருவர் செய்தால் தான் செய்யாத மாதிரி ஆகிவிடும் என்று ஃப்ரௌ கெல்லர் அதைத் திரும்ப ஒருமுறை கழுவினார்.

மூன்றாவது கிழமை மகேந்திரன் எல்லா அழுக்கு உடுப்பையும் பெரிய சூட்கேஸ் ஒன்றில் அடைத்து, ரயிலேறி, எம்மன்புரூக்கேயில் இருந்த மைத்துனன் சிவநேசனின் வீட்டுக்குப் போனார்.

சிவநேசன் வாசலில் சூட்கேஸைப் பார்த்தார். அத்தானின் முகத்தைப் பார்த்தார்.

"அத்தான், அக்காவோட ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையடாப்பா. தோய்க்க வந்தனான்."

"ஊஸ்டரில தண்ணி இல்லையோ?"

"அது ஒரு நீண்ட கதை. அரசியல்."

சிவநேசன் தலையாட்டினார். அறுபத்தொரு வயதில் ஒரு மனிதன் தன் கோட்டைத் தானே தோய்க்க சூட்கேஸோடு ரயிலில் வருகிறார் என்றால் அது எந்த அரசியல் என்று அவருக்குத் தெரியும். மகேந்திரன் ரயிலேறிப் போன பிறகு அவர் நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்தார்.

செப்டெம்பர் 28, ஞாயிறு. வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், மகேந்திரனின் வரவேற்பறையில் சிவநேசனும் அவர் மனைவியும் கோயில் தலைவர் யோகராஜாவும் குந்தியிருந்தார்கள்.

"புருசன் பெண்சாதி எண்டால் சண்டை வரத்தான் செய்யும்" என்று யோகராஜா தொண்டையைச் செருமினார். "அதுக்காக இந்த வயசில ஆளை வீட்டால கலைக்கிறதோ, தங்கச்சி?"

"ஆரண்ணை கலைச்சது?" பரமேஸ்வரி எழும்பிவிட்டார். "இந்தாள் ஒரு வோட்டுக்காக என்ர வாஷிங் மெஷினைத் தாரைவார்த்துக் குடுத்திட்டு நிக்கிறார். இனித்தான் கலைக்கவேணும்!"

தொலைபேசி அடித்தது. மகேந்திரன் பாய்ந்து எடுத்தார்.

"அப்பா," என்றாள் மதுஜா, "வந்திட்டுது. நான்தான்."

யோகராஜா, ஏன் என்று தெரியாமலே, முதல் ஆளாகக் கைதட்டினார். பரமேஸ்வரி சண்டையை மறந்து அழுதார். வாக்கு வித்தியாசம் ஆயிரத்துக்கும் மேல். ரோல்ஸ் சாப்பிடாத, சலவை அறையைக் காணாத ஆயிரக்கணக்கான ஊரவர்கள் அந்த வெற்றுக் கோட்டில் 'மதுஜா மகேந்திரன்' என்று தகப்பனின் பெயரையும் சேர்த்துக் கையால் எழுதியிருந்தார்கள்.

மகேந்திரன் எழும்பி, வெளுத்த சேட்டொன்றைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் மாடிக்குப் போனார். தேர்தல் முடிந்துவிட்டது. இனி வாய் திறக்கலாம்.

"ஃப்ரௌ கெல்லர், என் மகள் வென்றுவிட்டாள். உங்கள் வாக்குக்கு மனமார்ந்த நன்றி. இனி என்னுடைய புதன்கிழமையைத் திருப்பித் தருவீர்களா?"

ஃப்ரௌ கெல்லர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"வாழ்த்துகள். ஆனால் எனக்கு இங்கே வாக்கு இல்லை. நான் ஜெர்மன் நாட்டவள். இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒரே சுவிஸ்காரர் நீங்கள்தான், ஹெர் மகேந்திரன்."

புதன்கிழமை ஃப்ரௌ கெல்லரிடமே இருந்தது.