படூர்ப் பட்டாபி டெம்போ நாற்காலியில் அமராத படலம்

வங்கக் கடலே, இரைச்சலைச் சற்றே குறைத்துக்கொள்! கேளம்பாக்கத்து உப்பளங்களே, கண்கூசும் உங்கள் வெண்மையை ஒரு நாழிகை மூடிவையுங்கள்! கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறிப் பாயும் சொகுசுக் கார்களே, ஓரங்கட்டி நில்லுங்கள்! இதோ வருகிறார் பட்டாபி. படூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்து வேந்தர். மறைமலைநகர்த் தொழிற்சாலையொன்றின் ஸ்டோர்ஸ் அறையில் நட்டும் போல்ட்டும் நடுநடுங்க ஆண்டுக்கணக்கில் செங்கோல் ஓச்சி ஓய்ந்தவர். கம்பெனி பஸ்ஸின் சன்னலோர ஆசனத்தைக் கைக்குட்டை வீசியே கைப்பற்றி, பணி ஓய்வு நாள் வரையில் எவனுக்கும் விட்டுக்கொடாத கைக்குட்டைக் கோமான். கீழே வந்து நிற்கும் காய்கறி வண்டிக்குப் போகவும் லிப்டுக்காகக் காத்திருக்கும் பொறுமைப் பெருங்கடல்! அந்தப் பட்டாபிதான் காவி வேட்டி கட்டி, கழுத்தில் துண்டு துலங்க, வேளாங்கண்ணிக்குப் போகிறார். நடந்து போகிறார்.

ஐயங்கார்வாள் வேளாங்கண்ணிக்கு நடக்கப் புறப்பட்ட காரணம் யாது எனில், கோமளம். அவருடைய தர்மபத்தினி. முந்தின வருஷம் கோமளத்தின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாக டாக்டர் சொல்லி, அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்த வாரத்தில் அந்த வீட்டில் கடிகாரம்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் ஓடியது. எதிர்வீட்டு ஆபிரகாம் தம் வீட்டு மாதா படத்தின் முன்னே மெழுகுவத்தி ஏற்றினார். ஆவணி பிறந்தால் ஒரு சின்னத் தேரில் மாதாவை எழுந்தருளச் செய்து, அக்கம்பக்கத்து ஜனங்களைத் திரட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும் குழுவுக்கு அவர்தான் தலைவர். கோமளம் அந்தச் சுடரைப் பார்த்தாள். மனசுக்குள் பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள். நல்லபடியாக முடிந்தால் நடந்தே வருகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். நல்லபடியாகத்தான் முடிந்தது. கட்டி பொல்லாத கட்டி இல்லை என்று தெரிந்த மாதமே, அதுவரை வாய் திறவாதிருந்த அவளுடைய வலது முழங்கால் கலகக்கொடி தூக்கியது. இந்தக் காலோடு நெடுந்தூரம் நடந்தால் அப்புறம் கட்டில்தான் என்றார் டாக்டர்.

அப்போதுதான் நம் நாயகர், காலைக் காப்பியின் வீரியம் தலைக்கேற, உலகறியப் பிரகடனம் செய்தார்: பத்தினியின் கடன் பதியின் கடன், பதியின் கால் பத்தினியின் கால், ஆகவே புறப்படுகின்றன இக்கால்கள்!

கோமளம் டம்ளரை எடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "சரி, நடங்கோ. ஆனா வழியில வண்டியில ஏறினேள்னு தெரிஞ்சா, மீதியை நான் வந்து நடப்பேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். இல்லறத்தின் நெடுங்காலத்தில் பட்டாபி அதைப் பலமுறை, பலவிதமாக அறிந்திருந்தார். எனவே இப்போரில் பணயமாக வைக்கப்பட்டது நாடோ நகரமோ அன்று. கோமளத்தின் வலது முழங்கால்.

இனிப் பகைவனைப் பாடுவோம். அவன் வெண்ணிறத்தான், நாற்காலன், இரு கையும் விரித்து எவரையும் மடியில் ஏற்கும் மாயக்காரன், பிளாஸ்டிக் குலத்தில் பிறந்தவன். குழுவின் பின்னே ஆமைநடை போட்டு வந்த டெம்போவில், அண்டாக்களுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே, தார்ப்பாய் நிழலில் வீற்றிருந்தான் அவன். கால் நொந்து வண்டியில் ஏறுபவருக்காகவே வைத்த நாற்காலி. ஏறலாம், உட்காரலாம், யாரும் ஏசமாட்டார்கள். ஆனால் ஆபிரகாம் வகுத்த விதிப்படி, ஏறியவருடைய நடை அத்தோடு முறிந்தது. அவர் தேர்க்கயிற்றைத் தொடலாகாது. அன்று முதல் சமையற்படையில் சேர்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும்.

பட்டாபி புறப்பட்ட கோலம் பாடத் தக்கது. வெறுங்கால்களும் ரப்பர் செருப்புகளுமாகத் திரண்டிருந்த அந்தச் சேனையில், மகள் சுப்ரஜா வாங்கித் தந்த புத்தம்புதுக் கான்வாஸ் ஷூ அணிந்து நின்றவர் அவர் ஒருவரே. ஒரு ஜோடிக் காலுறை காப்பாற்றுமென்றால் இரண்டு ஜோடி இருமடங்கு காப்பாற்றும் என்ற ஸ்டோர்ஸ் கணக்கில், காலுறைமேல் காலுறை பூண்டிருந்தார். விளைவு என்ன? "மரியே வாழ்க" என்ற முழக்கம் விண்ணைப் பிளக்க, படூரிலிருந்து கிளம்பிய படை கேளம்பாக்கத்தைத் தாண்டி உப்பளக் காற்றில் நுழைவதற்குள், ஷூவுக்குள்ளே வேறொரு படை திரண்டுவிட்டது. குதிகாலில் ஒன்று, கட்டைவிரலடியில் ஒன்று, சுண்டுவிரலோரம் ஒன்று என்று கொப்புளக் கொத்தளங்கள் எழுந்தன, எழுந்தவை வீங்கின, வீங்கியவை ஒன்றோடொன்று கைகோத்தன. கோவளத்து மாதா கோவில் வாசலில் ஷூவைக் கழற்றியபோது, அதற்குள்ளிருந்து வெளிப்பட்ட பாதங்கள் தம்முடையவைதானா என்று பட்டாபிக்கே ஐயம் வந்தது. அன்று முதல் அவரும் வெறுங்காலர்.

கோவளத்தில் இன்னொரு மாவீரனும் வந்து சேர்ந்தான். மாயவன், அருகிலிருந்த மீனவக் குப்பத்தான், புயலில் கட்டுமரம் கவிழ்ந்தும் கரைசேர்ந்த தீரன், நம்மவரின் வயதொத்தவன். பெண்டாட்டி சாந்தா வருஷந்தோறும் மாதாவுக்கு நடக்கிறாள்; இந்த வருஷம் புருஷனையும் இழுத்து வந்துவிட்டாள். அலைமேல் அசையாத அவன் கால்கள் தார்ச்சாலையில் தத்தளித்தன. திருவிடந்தைக்கு முன்பே அவன் பார்வையும் அந்த வெண்ணாற்காலன்மேல் விழுந்தது. ஒரே குறிக்கோளை நாடிய இரு உள்ளங்கள் ஒன்றையொன்று அக்கணமே அடையாளம் கண்டுகொண்டன.

"இன்னா அண்ணாத்த, காலு பேஜார் பண்ணுதா?" என்று விசாரித்தான் மாயவன்.

அதெல்லாம் இல்லை, உமக்குத்தான் நடை தள்ளாடுகிறது என்றார் பட்டாபி. தனக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றான் அவன். இருவரும் நிமிர்ந்து, சிரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். முதலில் ஏறுபவன் தோற்று, மற்றவனுக்கும் வழி திறந்துவிட்டவன் ஆவான். இரண்டாவதாக ஏறுபவன் வெறுமனே துணைக்குப் போனவன் ஆவான். அந்த இரண்டாமிடத்துக்காக இரண்டு கிழவேங்கைகள் நொண்டி நொண்டிப் பொருத போரைத் திருவிடந்தைச் சவுக்குத் தோப்புகளும் நெம்மேலி மணல்மேடுகளும் கண்டு நின்றன. திருவிடந்தைப் பெருமாள் கோவில் திரும்பும் இடத்தில் நம்மவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாம் இப்போது வேறு டூட்டியில் இருப்பதாகவும் திரும்பும்போது சாவகாசமாக வந்து சேவிப்பதாகவும் எம்பெருமானுக்குத் தகவல் தந்தார்.

விதிகளை வகுத்த ஆபிரகாம் ஒன்றை மறந்துவிட்டார். சாலையோரத்து ஊர்களெல்லாம் பந்தல் போட்டு நடைப்பயணிகளுக்கு உபசாரம் செய்யும் வழக்கம் அந்தக் கரையோரத்தில் உண்டு. ஒரு பந்தலில் நீர்மோர், ஒன்றில் சுண்டல், ஒன்றில் கேழ்வரகுக் கூழ். நீட்டிய குவளையை மறுத்தல் ஆகாது. குவளையோடு பெஞ்சில் உட்கார்தல் ஆகும். வண்டியில் அமர்வதன்றோ விலக்கு? பெஞ்சில் அமர்வது விருந்து! இந்நுட்பத்தை முதலில் கண்டவர் பட்டாபி. கண்டமாத்திரத்தில் பின்பற்றியவன் மாயவன். பந்தல்தோறும் பாய்ந்து சென்று பெஞ்சைப் பற்றினார்கள். குடித்து முடித்தால் எழ வேண்டுமே என்று மறுபடி நீட்டினார்கள். ஊற்ற ஊற்ற உட்கார்ந்தார்கள். நெம்மேலியைக் கடக்கையில் பட்டாபியின் திருவயிற்றுக்குள்ளே மோர்க்கடலும் கூழ்க்கடலும் கலந்து, ஒவ்வோர் அடிக்கும் ஓர் அலை எழுந்து அடங்கிற்று. கால் கெஞ்சியதோடு வயிறும் சேர்ந்துகொண்டது. குடத்தைச் சுமந்து நடப்பவர் உண்டு. குடமாகவே நடந்தவர் அவர்.

பட்டிபுலத்தில் இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும் ஆபிரகாமின் செல்போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார். அங்கேதான் அந்த மகாதவறு நிகழ்ந்தது.

அன்றாட வாழ்வில் பட்டாபி எப்படிப்பட்டவர்? நகம் வெட்டுகையில் சதை சற்றே உரசினாலும் அக்கம்பக்கம் அறிய அரற்றுபவர். சாதாரணத் தும்மலுக்குக் கஷாயமும் மூன்று நாள் அனுதாபமும் கோருபவர். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை, மனைவி கவலைப்படக் கூடாதே என்று, கால் ஒரு துளியும் வலிக்கவில்லை, காற்றில் மிதப்பதுபோல் இருக்கிறது, இப்படியே ஓடிவிடலாம் போலிருக்கிறது என்றெல்லாம் வீரமுரசு கொட்டினார். எதிர்முனையில் கோமளம், சரி, ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வலிக்கிறது என்று புலம்பியிருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். வலிக்கவே இல்லை என்றதும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இவ்வளவும் அறியாத நாயகர் சாளுவான்குப்பத்தைக் கடந்து மாமல்லபுரத்தின் எல்லையில் புகுந்தார். பாறையில் தேர் செதுக்கி அதை ஓடவிடாமல் நிறுத்திவைத்த ஊர் அது. அந்த எல்லையை மிதித்ததும் அவருடைய கால்களும் நின்றுவிட்டன. சாலையோரச் சிற்பக்கூடத்தில் உளிச்சத்தம் போர்ப்பறைபோல் அதிர்ந்தது. மூக்கு முடியாத நந்திகளும், கண் திறவாத புத்தர்களும், துதிக்கை பாதியான பிள்ளையார்களும் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. அருகே டெம்போ வந்து நின்றது. பின்கதவு தாழ்ந்தது. நிழலில் இரு கையும் விரித்துக் காத்திருந்தான் வெண்ணாற்காலன்.

மாயவன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "நீ ஏறு அண்ணாத்த. நீ ஒண்டியா போவ கூச்சப்படுவ. தொணைக்கி நானும் ஏறிக்கினு வர்றேன்."

கேட்டுக்கொண்டே வந்த சாந்தா, "தோ பார்றா, சாருக்குத் தொணையாமே. உன் காலு எப்பிடி கீதுன்னு எனக்குத் தெரியாது?" என்று புருஷனை இடித்தாள்.

அவள் பேச்சு பட்டாபிக்குக் கேட்கவில்லை. உலகத்தின் ஓசையெல்லாம் ஓய்ந்து, உளியும் கடலும் ஒடுங்கி, அந்தப் பின்படி ஒன்றே மண்ணுக்கும் விண்ணுக்குமான ஏணியாய்த் தோன்ற, மெல்ல, மிக மெல்ல, வலது காலைத் தூக்கி அவர் அதன்மேல் வைத்தார்.

"இறங்குங்கோ."

திரும்பினார். பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் கோமளம் நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏறவில்லை, நாற்காலி ஆடுகிறதா என்று பார்த்தேன் என்று சொல்லிப் பார்த்தார் பட்டாபி. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. நேரே தேரின் முன்னே போய் மாதாவைக் கும்பிட்டு, கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல்பாக்கம் இருக்கும் திசையை ஆபிரகாமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நடக்கத் தொடங்கினாள். சில அடிகள்தான். வலது கால் ஊன்றும்போது அவள் உதட்டைக் கடித்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. பட்டாபி பார்த்தார்.

அப்போது எழுந்தது அந்த ஆண்மை! வயிற்றுக் கடல்கள் கொந்தளிக்க, கொப்புளக் கோட்டைகள் உடைந்து சரிய, படியிலிருந்து துள்ளிக் குதித்தார் படூர் வேந்தர். ஓடினார், ஆம், ஓடினார், சொகுசுக் கார்கள் பிரேக் அடித்து வியக்க ஓடி, மனைவிக்கு முன்னே போய் நின்று, ஒரு காலில் நின்று காட்டினார், மறு காலில் நின்று காட்டினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதியும் குதித்துக் காட்டினார். உளிகள் நின்றன. மாயவன் வாயைப் பிளந்தான். பாதி முகப் புத்தர்கள் புன்னகைத்ததாகவும் சொல்வதுண்டு. அவர்கள் எப்போதும் அப்படித்தான்.

கோமளம் குனிந்து அவர் பாதங்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரலில் கோபம் இல்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் நடந்தாப் போறும். எந்தக் கால் தேவலைன்னு நெஜமாச் சொல்லுங்கோ. உங்களுதா, என்னுதா?"

ஒரு சொல் புலம்பினால் போதும், நாற்காலி கிடைத்துவிடும், நாள் முழுக்க அனுதாபமும் கூடவே வரும். தம் வாழ்நாளில் எந்த நோவையும் வீணாக்காத அம்மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னுதுதான்" என்றார்.

அவள் தேரின் பக்கம் திரும்பி மாதாவைப் பார்த்தாள். இவர் சொல்வது போதுமா என்று கேட்பதுபோல இருந்தது அது. பிறகு ஆபிரகாமின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக டெம்போவில் ஏறினாள். வெண்ணாற்காலன் அவளை மடியில் ஏற்றுக்கொண்டு, அன்று முதல் ஆடாமல் அசையாமல் அடிமையானான். கத்தி எங்கே என்று கேட்டு வாங்கி, வெங்காய மூட்டையை அவள் பக்கத்தில் இழுத்துக்கொண்டதைப் பார்த்து மாயவன் பெருமூச்செறிந்தான். சாந்தா அவன் தோளைப் பிடித்துத் தெற்கே திருப்பிவிட்டாள்.

"மரியே வாழ்க" என்று முழங்கிற்று படை. சிற்பிகளின் உளிகள் வெற்றிப்பண் இசைக்க, கீழ்த்திசைக் கடல் ஆயிரம் வெண்சாமரம் வீச, தேர்க்கயிற்றைத் தோளில் தாங்கி, நாற்காலி துறந்த நாயகராய், நோவை விழுங்கிய நஞ்சுண்டராய், பத்தினியின் முழங்கால் காத்த பெருமானாய், கல்பாக்கம் நோக்கித் திருவடி பெயர்த்தார் பட்டாபி.

வேளாங்கண்ணி போய்ச் சேர இன்னும் ஒன்பது பத்து நாள் ஆகும்.