கழனிச் சேறு இரும்பைச் சுவாசிக்கிறது

கும்மிடிப்பூண்டி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி தணிகாசலத்துக்கு அண்ணன் மணவாளன் எழுதுவது. ‘அன்புள்ள’ என்பது கடித முறைக்காகப் போட்டது. இங்கே எல்லோரும் நலம். திருப்பாச்சூரில் நீ நலமா என்பதை என் மனைவி கங்கம்மா போனில் கேட்டு எனக்குச் சொல்வாள். மூன்று நாளாக அந்த வழி அடைபட்டுவிட்டதால் நானே கேட்கிறேன்.

உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வராமல் என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தாயே, அதற்காக ஒன்பது வருடமாக நான் உன்னோடு பேசுவதில்லை. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். சனிக்கிழமை என் மகள் பூமிகா தன் ஆராய்ச்சியை விளக்க வந்தாள். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, இருபத்திரண்டு வருடம் கம்பெனிக் கழிவுநீரைச் சோதித்து, எனக்குக் கீழே சேர்ந்தவனை இன்று ‘சார்’ என்று கூப்பிடுகிறவனுக்கு இவள் என்ன விளக்குவது என்றுதான் உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் ஆராய்வது ஒரு பாக்டீரியா, அது உன் கழனிச் சேற்றில் இருப்பதாம். நீயே முழங்கால்வரை இறங்கி அள்ளிக் கொடுத்தாயாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அதையும் குறித்துவைத்திருக்கிறேன். சேற்றுக்குள் காற்று கிடையாது. அது தின்றதில் கிடைக்கும் எலக்ட்ரான்களை உடம்புக்கு வெளியே, மண்ணின் இரும்புத்துருவிடம் தள்ளினால்தான் பிழைக்கும். அதற்கென்று வைத்திருக்கும் புரதத்துக்குள் இரும்பு பதித்த வளையங்கள் வரிசையாக நிற்கின்றன. கம்பி இல்லை, எலக்ட்ரான் வளையத்துக்கு வளையம் தாவியே வெளியே போகிறது. வளையங்களை அந்த இடைவெளியில், அந்தச் சாய்வில் பிடித்துவைத்திருப்பது புரதத்தின் மடிப்பு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால், அதில் ஒன்றரைத் துண்டுக்கு மேல் விலகினாலே வேலை படுத்துவிடுமாம். மூளை கிடையாது, மேலாளர் கிடையாது. நாம் மிதித்துத் துவைத்த சேற்றில் இவ்வளவு கச்சிதம்! தணிகாசலம், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். “நீயும் சித்தப்பாவும் மாதிரிதான் நைனா. ரெண்டு பேரும் ஒட்ட மாட்டீங்க. நடுவுல அம்மா நின்னுக்கினு இங்க சொல்றத அங்க தள்ளுது” என்றாள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த கங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இன்னாது? ஒம்போது வருசமா நான் அந்த வேலையா பாத்துக்கினு கீறேன்? பேஜாரு. இனிமே உங்க தம்பிகிட்ட நீங்களே பேசிக்கோங்க!”

நடு வளையம் விலகிவிட்டது. உன் பயிருக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வியாழன் பதினோரு மணிக்கு, கிண்டியில் அவளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. யாரும் வந்து கேட்கலாம். “முன்னாடி ரெண்டே சேர். நடுவுல ஆளு கெடையாது. சித்தப்பா வரலேன்னா நீயும் வராத” என்றுவிட்டாள். நான் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆகையால் நீ வந்து சேரவும்.

வீட்டுச் சிறியவர்களுக்கு என் ஆசிகள். நான்கு வயது இளையவன் என்ற ஒரே காரணத்துக்காக உனக்கும்.

இப்படிக்கு,
மணவாளன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் உறைத்தது. வாட்ஸ்அப்பில் அழைத்தவனைத் தபாலில் அழைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள். தபால்தலையை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். ஞாயிறு காலை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வருகிறேன். வீட்டில் இரு.