பொணம் சார் அடித்த வரி

கள்ளக்குறிச்சியில் அதிகத் தடவை செத்துப் போனவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பொணம் சார் என்பேன். வாரம் தவறாமல் சாவார். செத்து முடித்ததும் எழுந்து டீ குடிப்பார்.

அவர் ஒரு நாளிதழின் நிருபர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அச்சகத்து மாடியில், நிருபராகும் ஆசையில் திரிந்த எங்களுக்கு வகுப்பெடுத்தார். சாவு வீட்டில் எப்படிச் செய்தி சேகரிப்பது என்பதுதான் முக்கியப் பாடம். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு பெஞ்சில் மல்லாந்துவிடுவார். ஒருவன் பெண்சாதியாக உட்கார்ந்து அழ வேண்டும். மற்றவர்கள் பேட்டி எடுக்க வேண்டும்.

“இப்ப உங்க மனநிலை எப்படி இருக்குங்க?” என்று கேட்டேன். பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

“யோவ், உம் பொண்டாட்டி செத்தா உன் மனநிலை இன்னாயா? மொதல்ல ஒக்காரு. அவங்களா பேசற வரிக்கும் வாய மூடிக்கினு இரு.”

போட்டோ கேட்டவனைப் பிணம் மாடிப்படி வரை துரத்தியது. கீழே அச்சுக் கோர்ப்பவர்கள் பழகிப்போய் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

இன்னொரு கிறுக்கும் உண்டு. எழுதியதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக் காட்டுவார். வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடுவார். தலைமை அலுவலகம் தலையில் அடித்துக்கொள்ளும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட நேரம். சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து, பாம்பு கடித்த ஒருவரை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வழியில் குறுக்கே ஒரு புளியமரம். வண்டியிலேயே உயிர் போய்விட்டது.

சைக்கிளைத் தூக்கித் தூக்கி மரங்களைத் தாண்டி, நானும் சாரும் அந்த வீட்டுக்குப் போனோம். பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, இறந்தவரின் மனைவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

“மரத்த வெட்டுனவங்கள்ல எந்தம்பியும் இருந்தான் சார். மாமன் வண்டி வரும்னு அவனுக்கு இன்னா தெரியும்?”

எனக்குக் கை பரபரத்தது. முதல் பக்கச் செய்தியாயிற்றே. சார் எழுதினார், வழக்கம்போலப் படித்துக் காட்டினார். தம்பியைப் பற்றிய வரி வந்ததும் அவள் பதறினாள்.

“அது வாணாம் சார். தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு பங்காளிங்க அவன வுட மாட்டாங்க. எனுக்கும் புள்ளைங்களுக்கும் இனிமே அவன் ஒருத்தன்தான்.”

சார் அடித்துவிட்டார். செய்தி உள்பக்கத்தில் எங்கோ மூலையில் வந்தது. அதோடு விட்டாரா? “பெரிய நியூஸ் ஒண்ணு கெடச்சுது, போட வாணாம்னு வுட்டுட்டேன்” என்று போனில் ஆசிரியரிடம் அவரே பெருமையாகச் சொன்னார். வேலை போயிற்று.

காரியத்தன்று இருவரும் போனோம். தாய்வீட்டுக் கோடிப் புடவையைத் தம்பிதான் கொண்டுவர வேண்டும். தட்டோடு வந்தவன் தெருவிலேயே நின்றுவிட்டான், உள்ளே வரக் கால் எழவில்லை. அவள் எழுந்து போய், “வாடா” என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். வேலை போன அன்றுகூடக் கலங்காத மனுஷர், வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.